தீ படாத பத்து ஏக்கர்

தம்பி, கொஞ்சம் தள்ளியே உக்காருங்க. என் கையில கரி. உங்க வெள்ளைச் சட்டையில ஒட்டினா போகாது. ஓடையில மணலைப் போட்டு ரெண்டு தரம் தேச்சுக் கழுவிட்டேன், நகக்கண்ணுல இருக்கறது போகவே மாட்டேங்குது. எரிஞ்ச மரத்தையெல்லாம் ஒம்பது நாளாக் கட்டிப் புடிச்சு அளந்துட்டு இருந்தா அப்புறம் எப்படிங்க போகும்?

சேச்சே, கரி வியாபாரமெல்லாம் இல்லை. நான் தாவரவியல் புரொபசர். அர்த்தநாரின்னு பேரு, கோபிதான் ஊரு. ரிட்டயராகி ஆறு வருஷமாச்சு. காலேஜுலதான் ரிட்டயர், காட்டுல இல்லை. மலைமேல பத்து ஏக்கர்ல எனக்கு ஒரு ஆராய்ச்சிக் களம் இருக்குது. இருக்குதுங்கறதா, இருந்துதுங்கறதா, அதுதான் பிரச்சனை. பங்குனியில எரிஞ்சு போச்சு. இருபத்திரண்டு வருஷ வேலை. அதைத் திரும்பத் தூக்கி நிறுத்த முடியுமான்னு பாக்கத்தான் போயிட்டு வரேன்.

கீழ் வளைவுல வழியடைச்சு நிக்கற லாரி நகந்து பஸ்ஸு கெளம்ப இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்னு கண்டக்டர் சொல்றாரு. கேக்கறதுன்னா கேளுங்க, தூங்கறதுன்னா தூங்குங்க, நான் பேசிட்டேதான் இருப்பேன். வாத்தியார் இல்லீங்களா, எதிர்ல பாதிப் பேரு தூங்கித்தான் பழக்கம்.

வரும்போது ஜன்னல்ல பாத்திருப்பீங்க. ஆளுயரப் புல்லு, நடுவுல அங்கொண்ணும் இங்கொண்ணுமா நெல்லி, வேங்கை, கடுக்காய். அதைக் காடுன்னு சொல்றதா, புல்வெளின்னு சொல்றதா? உலகம் பூரா இந்தச் சண்டை இருக்குதுங்க. ஆப்பிரிக்காவுல அதுக்கு சவானான்னு பேரு, அங்கயும் இதே சண்டைதான். என் கட்சி என்னன்னா, அது அடிபட்ட காடு. வருஷா வருஷம் மனுஷன் தீ வெச்சு வெச்சு, எந்திரிக்க விடாம அமுக்கி வெச்ச காடு. தீயை நிறுத்திப் பாரு, முப்பது வருஷத்துல அடர்காடாத் திரும்பிடும். இதை நிரூபிக்கத்தான் போனேன். இப்ப வந்த பசங்க, இல்லை சார், புல்லும் மரமும் கலந்து இருக்கறதுதான் அதோட இயல்பு, அதுக்குத் தீயும் வேணும்கறாங்க. சொல்லிட்டுப் போகட்டும். ஒரே எடத்துல இருபத்திரண்டு வருஷம் நின்னு அளந்தவன் நான்.

பத்து ஏக்கரையும் சுத்திக் கல்லு நட்டேன். உள்ள இருக்கற ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு நம்பர். அலுமினியத் தகட்டுல நம்பரைக் குத்தி, மரத்துல ஆணியடிச்சு மாட்டிடறது. வருஷம் ஒருக்கா நெஞ்சு உயரத்துல டேப்பைச் சுத்தி எவ்வளவு பருத்திருக்குன்னு எழுதறது. அவ்வளவுதான் வேலை. கேக்கறதுக்குச் சாதாரணமா இருக்கும். வெயில்லயும் உண்ணியிலயும் நின்னு பாத்தாத்தான் தெரியும்.

அளக்கறதுக்கு ரெண்டு பேரு இருந்தாங்க. புருசன் பொண்டாட்டி, ஜடையன், ரங்கி. பக்கத்து ஊருச் சோளகப் பழங்குடி சனம். ஜடையன் டேப் புடிப்பான், ரங்கி தகட்டைப் பாத்து நம்பர் சொல்லுவா. அவளுக்கு எழுத்து தெரியாது. நம்பர் மட்டும் தெரியும், அதுவும் என் தகட்டைப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். ரெண்டு பேரும் என்னை நீ, வா, போன்னுதான் பேசுவாங்க. அந்த சனம் கலெக்டர் வந்தாலும் அப்படித்தான் பேசும், நாம தப்பா எடுத்துக்கக் கூடாது. நான் எடுத்துக்கிட்டதே இல்லை. பக்கத்துல உக்கார வெச்சு ஒண்ணாச் சாப்பிட்டிருக்கேன். வேற எந்தப் புரொபசர் செய்வான், சொல்லுங்க.

அவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தை மாசம், ஈரம் முழுசாக் காயறதுக்கு முந்தி, காட்டுச் சருகுக்குச் சின்னதாத் தீ வெப்பாங்க. முழங்கால் உயரந்தான் எரியும். பொழுது சாஞ்சு பனி விழுந்தா தன்னால அணைஞ்சுடும். இப்படிச் செஞ்சா நெல்லியில புல்லுருவி ஏறாது, உண்ணிச்செடிப் புதர் மண்டாது, பங்குனியில பெரிய தீ வந்தா அது தின்னறதுக்கு ஒண்ணும் கெடைக்காது. இதெல்லாம் ஜடையன் சொல்றது. நான் பொறுமையாக் கேட்டுக்குவேன். நோட்டுலகூட எழுதி வெச்சிருக்கேன், பழங்குடி நம்பிக்கைகள்னு தலைப்புப் போட்டு.

என் களத்துல தீ கூடாதுன்னுட்டேன். ஃபாரஸ்ட் ரேஞ்சர்கிட்டப் பேசிச் சுத்துவட்டாரத்துலயும் நிறுத்த வெச்சேன். மொதல் பத்து வருஷம் நீங்க பாக்கணுமே! எங்க பாத்தாலும் கன்னு. புல்லுக்குள்ள இருந்து தலையைத் தூக்கிட்டு வந்துது. என் கட்டுரையை வெளிநாட்டுலயெல்லாம் படிச்சாங்க. அப்புறம் உண்ணிச்செடி வந்துது. அது என் தப்பில்லை, அது எங்கதான் வரலை? ஆளை மூடற உயரம், உள்ள பூரா காஞ்ச குச்சியும் சருகும். யானை கூட ஒதுங்கிப் போகும். நாங்க அரிவாள்ல வெட்டி வழி பண்ணிட்டுத்தான் மரத்துகிட்டயே போவோம்.

"சாரு, இந்தக் காடு வயிறு முட்டக் கெடக்குது. ஒரே ஒரு தை மாசம் விடு. ஓரத்துல சின்னதாக் கொளுத்திடறேன்"ம்பான் ஜடையன். "கொளுத்தினா என் ஆராய்ச்சி என்னடா ஆகும்?"னு கேப்பேன். "உன் ஆராய்ச்சி எரியாது சாரு, சருகுதான் எரியும்"ம்பான். எனக்குச் சிரிப்பு வந்துடும். வருஷா வருஷம் இதே பேச்சு. ஒரு கட்டத்துல எரிச்சலாகி, இனி தீங்கற வார்த்தையே என் காதுல விழக்கூடாதுன்னுட்டேன்.

ஆறு வருஷத்துக்கு முந்தி, தை கடைசியில போறேன், மேக்கால எல்லை பூரா கருப்பு. பத்தடி அகலத்துக்கு, கல்லு நட்ட எடத்துக்கு உள்பக்கம். யாரு வேலைடான்னேன். அவன் மறைக்கலை. "நான்தான் சாரு. பெரிய தீ வந்தா மேக்கால இருந்துதான் வரும். இதோட நின்னுடும்"னான். சிரிச்சுட்டே சொன்னான் தம்பி, எனக்கு நல்லது செஞ்சுட்ட மாதிரி. பதினாறு வருஷம் தீயே பாக்காத மண்ணு அது.

ரேஞ்சருக்கு எழுதிக் குடுத்தேன். கோவத்துல எழுதினதுதான், ஆனா பொய்யா ஒரு வார்த்தை எழுதலை. தீ வெச்சது உண்மைதானே? ஜடையனை ரெண்டு நாள் புடிச்சு வெச்சிருந்தாங்க. அடிச்சாங்கன்னு பின்னால கேள்விப்பட்டேன். நான் அடிக்கச் சொல்லலையே. மூணாம் நாள் நானே நேர்ல போயி, எனக்கு ஆளு வேணுங்க, விட்டுடுங்கன்னு பேசி வெளிய கூட்டிட்டு வந்தேன். சொல்லிக் காட்டறேன்னு நெனைக்காதீங்க. நான் போகலேன்னா கேஸாகி அவன் ஜென்மத்துக்கும் அலைஞ்சிருப்பான். அதையும் யாராவது நெனைச்சுப் பாக்கணுமில்ல?

ஆனா மறுபடி வேலைக்குச் சேக்கறதுக்கு முந்தி ஒரு உறுதி வேணும்னு எனக்குத் தோணிச்சு. அவங்க ஊருக்குப் பின்னால ஒரு சாமிக்கல்லு இருக்குது. அதுமேல கை வெச்சுச் சொன்ன சொல்லை அவங்க மீறவே மாட்டாங்க. மீறினா வம்சம் விளங்காதுன்னு பயம். வெட்டுக்குத்து வழக்கையே அந்தக் கல்லுலதான் தீத்துக்குவாங்க. எனக்கு இது தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். பத்திரத்துல எழுதி வாங்கறதைவிட அது கெட்டி இல்லீங்களா? இந்தக் களத்துக்குள்ள தீ வராமப் பாத்துக்கறேன்னு கல்லுமேல கை வெச்சுச் சொல்லுடான்னேன்.

அன்னிக்குப் பூரா யோசிச்சான். நான் ஊருக்குள்ளயே உக்காந்திருந்தேன். ரங்கிதான் வந்து, "நானோ நீயோ வெக்கற தீன்னா சத்தியம் பண்ணலாம் சாரு. தானா வர்ற தீக்கு மனுசன் எப்படிச் சத்தியம் பண்ணுவான்?"னா. எல்லாம் ஒரு பேச்சுக்குத்தான் ரங்கி, எனக்கு ஒரு நிம்மதின்னேன். பொழுது எறங்கும்போது ஜடையன் போயிக் கையை வெச்சான். "நான் இருக்கற வரைக்கும் உள்ள தீ வராது"ன்னான். நான் சொல்லிக் குடுத்தது வேற மாதிரி. சரி, இதுவும் நல்லாத்தான் இருக்குதுன்னு விட்டுட்டேன்.

அப்புறம் ஆறு வருஷம் ஒரு பிரச்சனையும் இல்லை. ரங்கி என்கிட்டப் பேச்சைக் கொறைச்சுக்கிட்டா, அவ்வளவுதான். பொம்பளைங்க அப்படித்தான், ஒண்ணை மனசுல வெச்சுக்கிட்டா விடமாட்டாங்க.

இந்த வருஷம் பருவமழை பொய்ச்சுது பாத்தீங்களா? பங்குனி மாசம் நான் கோயமுத்தூர்ல ஒரு கருத்தரங்குல இருக்கேன். என் களத்தைப் பத்தித்தான் பேசப் போறேன், அடுத்து என் பேருதான் கூப்பிடணும். போன் வருது. ஜடையன். பாறை மேல ஏறினாத்தான் அங்க சிக்னல் கெடைக்கும், ஏறிக் கூப்பிட்டிருக்கான். "சாரு, மேக்கால மலையில பொகை. காத்து நம்ம பக்கம். நாலு மணிக்கெல்லாம் வந்துடும். எல்லாரும் ஓடைக்குப் போறாங்க"ன்னான். உள்ள மைக்குல என் பேரு சொல்றாங்க. நான் என்ன செய்ய முடியும் அங்க இருந்துட்டு? பாத்துக்கோ ஜடையான்னு சொல்லி வெச்சுட்டேன். பாத்துக்கோங்கறது எல்லாரும் சொல்றதுதானே? நீங்களும் வீட்டை விட்டுக் கெளம்பறப்ப சொல்லுவீங்க. அதுக்கு உசிரை விடுன்னா அர்த்தம்?

மூணு நாள் எரிஞ்சுது. நாலாம் நாள்தான் உள்ள போக முடிஞ்சுது. களத்துக்கு நடு மத்தியில கெடந்தான். தழையோட கிளையை ஒடிச்சு அடிச்சு அணைக்கப் பாத்திருக்கான், கிளையோட அடிக்கட்டை பக்கத்துல கெடந்துது. அவன்தான்னு அடையாளம் சொன்னது ரங்கி. ஓடை கிழக்கால, ஓடினா கால் மணி நேரம். ஊருல அத்தனை பேரும் தண்ணிக்குள்ள எறங்கிப் பொழைச்சுக்கிட்டாங்க. அவன் ஏன் அங்க நின்னான்? காடு தெரிஞ்சவன். தீயோட வேகம் என்னைவிட அவனுக்குத் தெரியும். எனக்கு இன்னும் புரியலை தம்பி.

காரியத்துக்கு என்னால போக முடியலை. ஒரு மீட்டிங்கு. போயிருக்கணும், ஒத்துக்கறேன்.

சரி, ஆளு போயாச்சு, வேலையையாவது காப்பாத்தலாம்னு போயிப் பாத்தா, தகடு பூரா உருகிடுச்சு. ஒண்ணு பாக்கியில்லை. மரத்தடியில வெள்ளை வெள்ளையாச் சொட்டிக் கெடக்குது. மேப் இல்லையான்னு கேப்பீங்க. இருக்குது, ஆனா கட்டம் கட்டமாப் போட்டது, ஒரு கட்டத்துல பத்திருபது மரம் வரும். அதுக்குள்ள எது எதுன்னு தகடுதான் சொல்லணும். மரமோ கருகிக் கட்டையா நிக்குது, இலையைப் பாத்து இன்ன மரம்னு சொல்லவும் வழியில்லை. நம்பர் போச்சுன்னா இருபத்திரண்டு வருஷமும் போச்சு. எனக்குப் புள்ளைகுட்டி கெடையாதுங்க. அந்த நோட்டுங்கதான். நாலு மாசம் ராத்தூக்கம் இல்லாம யோசிச்சேன். ஒரே ஒருத்திக்குத்தான் அந்த நம்பர் பூரா தெரியும்.

ஆடி பொறந்ததும் ரங்கி வீட்டுக்குப் போனேன். அவ மொறத்துல ராகி பொடைச்சுட்டு இருந்தா. நிமிந்து பாத்தா, மறுபடி பொடைச்சா. நான் விஷயத்தைச் சொன்னேன். நீ வந்து ஒவ்வொரு மரத்தையும் தொட்டு நம்பர் சொல்லணும் ரங்கி, நீ வரலேன்னா ஜடையன் ஒழைச்சதும் சேந்து வீணாப்போகும்னேன். அப்படிச் சொன்னா அவ வந்துடுவான்னு எனக்குத் தெரியும். வாத்தியார் புத்தி. மொறத்தைக் கீழ வெச்சுட்டு, "நாளைக்குக் காலையில வா"ன்னா.

தம்பி, அந்த ஒம்பது நாளை எப்படிச் சொல்றது? என் வாழ்க்கையில அப்படி ஒண்ணு பாத்ததில்லை. முன்னால போவா. கட்டைமேல கையை வெப்பா. கண்ணை மூடிக்குவா. "நூத்தி எழுவத்தி ரெண்டு. நெல்லி. எம் பொண்ணு பொறந்த வருசம் இதுல புல்லுருவி வெட்டினோம்"பா. நான் டேப்பைச் சுத்திப் பழைய நோட்டைப் பாப்பேன். ரெண்டு விரல்கடைகூட வித்தியாசம் இருக்காது. "முந்நூத்தி எட்டு. யானை முதுகு தேச்சது." சரியா இருக்கும். "நானூத்தி அம்பது. இதும்மேல ஏறித்தான் அவன் தேன் பாப்பான்." அதுவும் சரி. ஒண்ணுகூடத் தப்பலை. நான் சந்தோஷத்துல சத்தம் போட்டுட்டேன், ரங்கி, நீ மட்டும் படிச்சிருந்தா என் சீட்டுல உன்னைத்தான் உக்கார வெச்சிருப்பாங்கன்னு. அவ அடுத்த கட்டைக்குப் போயிட்டா.

செத்த மரத்துக்கு நேரா, எதனால செத்துதுன்னு எழுத ஒரு கட்டம் இருக்கும். யானை, காத்து, பூச்சி, தீ, இப்படி. இந்தத் தடவை எழுதி எழுதிக் கை வலிச்சுது. தீ, தீ, தீ, தீ. பத்துக்கு ஏழு போச்சுங்க. எல்லைக்கு வெளிய, சாமிக்கல்லைச் சுத்தி இருக்கற மரமெல்லாம் பச்சையா நிக்குது. அங்க அவங்க திருட்டுத்தனமா தை மாசத் தீயை விடாம வெச்சுட்டு வந்திருக்காங்க. அது பாறை எடம், அதனாலகூட தப்பியிருக்கலாம். இன்னும் ஆராயணும். எப்படியோ, கட்டுரைக்கு இது பெரிய முடிவுதான். மூணு கட்டுரையாவது வரும். தப்பா நெனைச்சுக்காதீங்க, எங்க தொழில்ல அப்படித்தான் பாக்கணும்.

இன்னிக்குக் காலையில கடைசி மரம். தொள்ளாயிரத்துப் பதிமூணு. அப்பாடான்னு நோட்டை மூடப் போறேன். "இரு சாரு. இன்னொண்ணு இருக்குது"ன்னா. கூட்டிட்டு நடுவுக்குப் போனா. மரமே இல்லை அங்க. சாம்பல்மேல மழை பெஞ்சு, ஊசி ஊசியாப் புல்லு முளைச்சிருக்குது.

"தொள்ளாயிரத்துப் பதினாலு. எழுது"ன்னா.

எனக்கு ஒறைக்கலை பாருங்க. இங்க என்ன மரம் நின்னுதுன்னு கேக்கறேன்.

"ஜடையன்"ன்னா.

அழுகலைங்க. ஒம்பது நாளா நம்பர் சொன்ன அதே கொரல்லதான் சொன்னா. நான், ரங்கி, இது மரத்துக்கான நோட்டு, மனுசனை இதுல போட முடியாதும்மான்னு எடுத்துச் சொன்னேன். "இருபத்திரண்டு வருசம் உன் எல்லைக்குள்ள நின்னவன்தானே? எழுது"ன்னா. சரி, ஒம்பது நாளு ஒத்த வார்த்தை எதிர்த்துப் பேசாம வந்தவளாச்சேன்னு எழுதினேன். பென்சில்லதான். வீட்டுக்குப் போயி அழிச்சுக்கலாமில்ல? நம்பர் போட்டேன். பேரு போட்டேன். செத்ததுன்னு போட்டேன். அவ பக்கத்துல நின்னு நோட்டையே பாத்துட்டு இருக்கா. எழுத்து தெரியாதே தவிர எந்தக் கட்டம் எதுக்குன்னு அவளுக்கு அத்துபடி.

"கடைசிக் கட்டம் காலியா இருக்குதே"ன்னா.

தீதான் ரங்கின்னு சொல்லிட்டே எழுதப் போனேன். என் கையைப் புடிச்சுட்டா. அவ கையும் கரி, என் கையும் கரி.

"தீயா சாரு? தீயைத்தான் நீ இங்க விடவே இல்லியே. வேற சொல்லு."

என்ன பேச்சு பாத்தீங்களா? படிக்காத சனத்துக்கு எப்படிங்க புரிய வெக்கறது? மழையில்லாத வருஷம்னு சொல்லியிருக்கலாம். காத்துன்னு சொல்லியிருக்கலாம். அவனே ஓடாம நின்னுட்டான்னு சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. முப்பத்தஞ்சு வருஷம் வகுப்பெடுத்தவன், எழுதி முடிச்ச கட்டங்களையே திரும்பத் திரும்பப் பாத்துட்டு நின்னேன். அவளும் போகலை. வெயில் ஏறுது. கடைசியில நான்தான், பஸ்ஸுக்கு நேரமாச்சு ரங்கின்னு நோட்டை எடுத்துட்டு வந்துட்டேன். நான் எல்லைக்கல்லைத் தாண்டித் திரும்பிப் பாக்கறேன், அங்கயே நிக்கறா.

போன்ல பாத்துக்கோன்னு மட்டும் சொன்னேன்னு சொன்னனில்லீங்களா. அதுக்கு முந்தி இன்னொண்ணும் சொன்னேன். கல்லுமேல கை வெச்சது ஞாபகம் இருக்குதில்லடான்னு. சும்மா, ஒரு இதுக்குச் சொன்னது. உள்ள என் பேரைக் கூப்பிடற அவசரம். அவன், "இருக்குது சாரு"ன்னான். பக்கத்துல ரங்கி என்னமோ கேக்கற சத்தம் வந்துது. அதுக்குள்ள நான் வெச்சுட்டேன்.

நீங்க வெளியாளு. அந்தக் காடும் உங்களுக்குத் தெரியாது, என்னையும் தெரியாது. ஒருத்தர் பக்கம் சாஞ்சு பேச வேண்டியதில்லை. பையில நோட்டு இருக்குது, பென்சிலும் இருக்குது. நீங்களே நியாயமாச் சொல்லுங்க, அந்தக் கட்டத்துல நான் என்ன எழுதட்டும்?

இல்லை, வேண்டாம். சொல்லாதீங்க தம்பி. நீங்க சொல்லாதீங்க.